டிக் முறையில் பற்றவைப்பைச் சீர்செய்தல்

வேறு முறையில் ஏற்கெனவே போடப்பட்ட பற்றவைப்பின் ஓரத்தை, டங்ஸ்டன் மின்முனையின் வில்லால் மீண்டும் உருக்கி வழவழப்பாக்குவது டிக் சீர்செய்தல் எனப்படும். இதில் பெரும்பாலும் புதிதாகக் கம்பி சேர்க்கப்படுவதில்லை.

தோற்றம்

பூச்சுக் கம்பியால் செய்யும் மின்வில் பற்றவைப்பில் கசடும் சிதறலும் உண்டாகும். ஓரத்தில் பள்ளமும் விழலாம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ரோப் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரசல் மெரிடித், மக்னீசியத்தை இணைப்பதற்காக, ஹீலியம் வாயுவின் காப்பில் டங்ஸ்டன் மின்முனையைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். பின்னர் ஆர்கான் வாயு பரவலானது. இம்முறையில் கசடு இல்லை. கம்பி சேர்க்காமலே உருக்கவும் முடியும். எனவே பிற பற்றவைப்புகளைத் திருத்தவும் இது ஏற்றதாயிற்று.

முக்கியத்துவம்

ஓரத்தின் வடிவம் அழகு சார்ந்தது மட்டுமன்று. பள்ளமோ கூரிய மடிப்போ உள்ள இடத்தில் தகைவு குவியும். சுமை மாறி மாறி வரும்போது அங்கிருந்தே களைப்பு விரிசல் தொடங்கும்.

1980 மார்ச் 27 அன்று, வடகடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதவை மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். தாங்கு குழாயில் ஒலியுணர் கருவியின் பிடிப்பைப் பொருத்திய 6 மி.மீ. பற்றவைப்பிலிருந்து விரிசல் தொடங்கியதாக விசாரணையில் தெரியவந்தது. பற்றவைப்பின் மோசமான வடிவமும் ஒரு காரணம். விரிசலுக்குள் காணப்பட்ட வண்ணப்பூச்சு, மேடையைக் கட்டியபோதே அங்கு விரிசல் இருந்ததைக் காட்டியது.

வரம்புகள்

பன்னாட்டுப் பற்றவைப்பு நிறுவனத்தின் பரிந்துரைகளில், சாணை பிடித்தல், சுத்தியால் தட்டுதல் ஆகியவற்றுடன் டிக் சீர்செய்தலும் இடம்பெறுகிறது. துரு, வண்ணம், கசடு ஆகியவற்றை முதலில் அகற்ற வேண்டும். மேல் ஓரம் மட்டுமே உருகுவதால், உள்ளே ஆழத்திலுள்ள விரிசலும் இணையாத அடிப்பகுதியும் அப்படியே இருக்கும். ஆகவே பழுதை மறைக்க இம்முறையைப் பயன்படுத்தலாகாது. முதலில் சோதனை, பிறகே சீர்செய்தல்.