ஒரு நிமிஷத்தில் விரட்டிய மிட்டாய்க்காரர்

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்தேன். மூங்கில் கழி, உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை, அதன் கையில் ஜால்ரா. கயிற்றை இழுத்தால் தட்டும். பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பார்கள். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் சுவர் ஆணியில் மாட்டி இழுப்பார்கள். இழுத்து மடித்து, மறுபடி இழுக்க இழுக்கக் காற்று புகுந்து, கண்ணாடி போலிருந்த பாகு பால் வெள்ளையாகும். எலுமிச்சை எதற்கு? (அறிவியல் வாத்தியார், விடமாட்டேன்!) புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரித்துவிடும். அது கலந்திருந்தால் பாகு கற்கண்டாய் உறையாமல் ஜவ்வாக நிற்கும். ஆனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஐப்பசி மழையில் இவர்கள் தெருவுக்கு வராததற்கு அதுதான் காரணம்.

கற்கண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அதிலுள்ள 'கண்டு'தான் பாரசீகம், அரபு வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆனது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்பார்கள். அது ஓர் ஊரின் பெயர். அன்று சென்னை மாகாணம், இன்று ஒடிசா. அங்கிருந்த ஆலையின் சர்க்கரை இங்கே பொதுப்பெயராகிவிட்டது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842-லேயே ஆலை வைத்தது. ஆலைச் சர்க்கரை மலிந்த பிறகுதான், வெல்லக் கமர்கட் விற்ற தெருவுக்கு இந்த வெள்ளைப் பாகு வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி என் உறுத்தல். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது ஒரு பெரியவர் பள்ளி வாசலில் இந்த மிட்டாய் விற்பார். பிள்ளைகளில் பாதிப்பேர் தோல் ஷாப் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ரோஸ் கலரைப் பற்றி யாரோ புகார் சொன்னார்கள். "இனி இங்கே நிற்காதீங்க" என்றேன். "கேசரி பவுடர்தான் சார், பாருங்க" என்று மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். நான் பார்க்கவில்லை. அவர் மறுபடி வரவும் இல்லை.

சந்தேகம் வீண் என்று சொல்லமாட்டேன். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரிந்து தமிழக அரசு தடை போட்டது. துணிக்கும் தோலுக்கும் போடும் சாயம் அது. ஆனால் பாருங்கள், பாலாற்றில் தோல் கழிவு விடுவதை எதிர்த்து 1991-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996-ல். அத்தனை வருஷம் இரண்டு தரப்பையும் கேட்டார்கள். மிட்டாய்க்காரருக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு நிமிஷம்.

பஸ் ஸ்டாண்ட்காரரிடம் கலர் பற்றிக் கேட்டேன். "இப்போ கலரே போடறதில்ல சார், வெறும் வெள்ளைதான்" என்றார். மணிக்கட்டில் கடிகாரம் கட்டிவிட்டு, கொசுறாக ஒரு துளியைக் கிள்ளி என் கன்னத்தில் ஒட்டினார். எழுபது வயசில்!

அந்தப் பெரியவரைத் தெரிந்த பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.