நெளி அட்டைப் பெட்டி வடிவமைப்பு

நெளி அட்டைப் பெட்டி என்பது, இரண்டு தட்டையான காகிதத் தாள்களுக்கு இடையே அலைபோல் நெளிக்கப்பட்ட தாள் ஒன்றை ஒட்டி உருவாக்கும் அட்டையிலிருந்து செய்யப்படும் பெட்டி ஆகும். வணிக வழக்கில் இது கார்ட்டன் பெட்டி எனவும் கொருகேட்டட் பெட்டி எனவும் அழைக்கப்படுகிறது. இப்பெட்டியின் விலையில் பெரும்பகுதி காகிதத்தின் விலையே ஆகும். எனவே தேவையான வலிமையைக் குறைக்காமல் காகிதத்தின் அளவைக் குறைப்பது பெட்டி வடிவமைப்பின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. பெட்டி மலிவாகி, உள்ளிருக்கும் பொருள் சேதமடைந்தால் மொத்தச் செலவு கூடிவிடும்.

வரலாறு

1856 இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஆலன், எட்வர்டு ஈலி ஆகிய இருவரும் தொப்பிகளின் உட்புறத்துக்கான நெளி காகிதத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1871 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், புட்டிகளையும் கண்ணாடி விளக்குக் கூண்டுகளையும் சுற்றுவதற்கு நெளி காகிதத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1874 இல் ஆலிவர் லாங், நெளிதாளின்மீது தட்டைத் தாளை ஒட்டி அதனை உறுதிப்படுத்தினார். புரூக்ளினில் காகிதப்பை செய்துவந்த ராபர்ட் கெயர் என்பவரின் அச்சு இயந்திரத்தில், மடிப்புக்கோடு போடவேண்டிய உலோகத் தகடு ஒன்று 1879 இல் தவறுதலாகப் பைகளை வெட்டிவிட்டது. இதிலிருந்து, வெட்டுவதையும் மடிப்பிடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று அவர் கண்டறிந்தார். மரப்பெட்டிகளுக்குச் சாதகமாக இருந்த தொடர்வண்டிக் கட்டண வேறுபாடு, 1914 இல் பிரிதம் வழக்கில் அமெரிக்க ஆணையம் அளித்த தீர்ப்புக்குப் பின் நீங்கியது.

அட்டையின் அமைப்பு

தட்டையான தாள் மேல்தாள் எனவும், அலைபோன்ற தாள் நெளிதாள் எனவும் குறிக்கப்படுகின்றன. இந்தியாவில் மூன்றடுக்கு, ஐந்தடுக்கு, ஏழடுக்கு அட்டைகள் வழக்கில் உள்ளன. நெளிவின் உயரத்தைப் பொறுத்து அட்டைகள் வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றின் ஏறத்தாழத் தடிமன்:

* ஏ நெளிவு - 5 மி.மீ.
* சி நெளிவு - 4 மி.மீ.
* பி நெளிவு - 3 மி.மீ.
* ஈ நெளிவு - 1.5 மி.மீ.

ஒரு மீட்டர் நீள அட்டைக்குச் சி நெளிவில் ஏறத்தாழ 1.43 மீட்டர் நெளிதாளும், பி நெளிவில் 1.32 மீட்டர் நெளிதாளும் தேவைப்படும். மேல்தாள்கள் சதுர மீட்டருக்கு 150 கிராம், நெளிதாள் 120 கிராம் எனக் கொண்டால், பி நெளிவு அட்டையின் காகித எடை சதுர மீட்டருக்கு 458 கிராம். சி நெளிவு அட்டையினது 472 கிராம்.

வலிமை

அட்டையின் தரம் நீண்டகாலம் வெடிப்பு வலிமையைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. ஆனால் கிடங்கில் அடுக்கப்படும் பெட்டிக்கு, மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும் திறனே முக்கியம். அமெரிக்கப் போக்குவரத்து விதிகளில் 1991 இல் விளிம்பு அமுக்க வலிமை மாற்று அளவீடாக ஏற்கப்பட்டது. காகிதத்தின் எடையைக் குறிப்பிடாமல் தேவையான வலிமையைக் குறிப்பிட்டு வாங்குவதற்கு இது வழிவகுத்தது.

1963 இல் மெக்கீயும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர்:

பெட்டி அமுக்க வலிமை = 5.87 × விளிம்பு அமுக்க வலிமை × √(அட்டைத் தடிமன் × பெட்டியின் சுற்றளவு)

இதன்படி, விளிம்பு அமுக்க வலிமை மாறாமல் தடிமன் 3 மி.மீ. இலிருந்து 4 மி.மீ. ஆனால் பெட்டியின் வலிமை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் காகித எடையோ 3 விழுக்காடே கூடுகிறது.

அளவு விகிதம்

மேலும் கீழும் மடிப்புகள் கொண்ட வழக்கமான பெட்டிக்குத் தேவைப்படும் அட்டையின் பரப்பு ஏறத்தாழ 2 × (நீளம் + அகலம்) × (உயரம் + அகலம்) ஆகும். கொள்ளளவு மாறாதபோது, நீளம், அகலம், உயரம் ஆகியவை 2:1:2 என்ற விகிதத்தில் இருந்தால் இப்பரப்பு மிகக் குறைவாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 40 × 20 × 40 செ.மீ. பெட்டிக்கு 7,200 சதுர செ.மீ. அட்டை தேவை. அதே பெட்டியைப் பெரிய முகத்தில் திறக்குமாறு 40 × 40 × 20 செ.மீ. என அமைத்தால் 9,600 சதுர செ.மீ. தேவைப்படும். கொள்ளளவு இரண்டிலும் 32 லிட்டரே. திறக்கும் முகத்தை மாற்றுவதால் மட்டும் அட்டையில் 25 விழுக்காடு மிச்சமாகிறது. எனினும் பொருளை உள்ளே வைக்கும் வசதியையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

வழங்கல் தொடர்

* அடுக்குப்பலகைப் பொருத்தம்: 1200 × 1000 மி.மீ. பேலட் பலகையில் 400 × 300 மி.மீ. அடிப்பரப்புள்ள பெட்டிகள் ஓர் அடுக்கில் 10 அடங்கும். அளவு 420 × 310 மி.மீ. ஆனால் 8 மட்டுமே அடங்கும்.
* கன அளவு எடை: வான்வழிச் சரக்கில் பொதுவாக 6,000 கன செ.மீ. ஒரு கிலோகிராமாகக் கொள்ளப்படுகிறது. 32 லிட்டர் பெட்டியில் 3 கிலோகிராம் பொருள் இருந்தாலும் 5.33 கிலோகிராமுக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யூ.பி.எஸ். நிறுவனங்கள் 2015 முதல் தரைவழிப் பொதிகள் அனைத்துக்கும் கன அளவுக் கணக்கை விரிவுபடுத்தின.
* அளவுகளைக் குறைத்தல்: பல அளவுகளில் சிறிது சிறிதாக வாங்கினால், ஆலையில் இயந்திரத்தை மாற்றியமைக்கும் நேரமும் ஓர விரயமும் கூடும். பொது அளவுகள் சிலவற்றைப் பயன்படுத்தினால் இருப்பும் குறையும். ஆனால் அளவுகள் மிகக் குறைந்தால் பெட்டிக்குள் வெற்றிடம் பெருகும்.
* அச்சு: வெற்றுப் பெட்டியில் சிட்டை ஒட்டும் முறையில், பொருளின் விவரம் மாறினாலும் பெட்டிகள் வீணாவதில்லை.

வரம்புகள்

ஈரப்பதம், நீண்டநாள் சுமை, மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத அடுக்கு ஆகியவை பெட்டியின் வலிமையைக் குறைக்கின்றன. ஒவ்வொன்றாலும் 40 விழுக்காடு குறைவதாகக் கொண்டால், மூன்றும் சேரும்போது ஆய்வகத்தில் அளந்த வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சும். 10 கிலோகிராம் பெட்டிகள் ஆறு அடுக்கப்பட்டால் அடிப்பெட்டியின்மீது 50 கிலோகிராம் சுமை இருக்கும். அதனைத் தாங்க ஏறத்தாழ 230 கிலோகிராம் ஆய்வக வலிமை தேவை. இக்கணக்கைச் செய்யாமல் காகிதத்தைக் குறைத்தால் அடிப்பெட்டி நசுங்கி, அடுக்கு முழுவதும் சரியக்கூடும். மாறாக, பெட்டிகளை மூலைக்கு மூலை பொருந்துமாறு அடுக்குவதும், பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டாமல் வைப்பதும், கிடங்கை ஈரமின்றிப் பேணுவதும் கூடுதல் காகிதமின்றியே வலிமையைக் காக்கும்.

இவற்றையும் பார்க்க

* காகிதம்
* பொதியிடல்
* வழங்கல் தொடர் மேலாண்மை