தூங்கும் யானையின் முதுகை அளப்பது எப்படி?

பாடி திருவலிதாயம் கோயிலுக்கோ, திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கோ போனால் கருவறையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சதுரமாக இருக்காது, யானை படுத்திருப்பதுபோல வளைந்திருக்கும். கஜபிருஷ்டம் என்பார்கள். அழகான தமிழில் தூங்கானை மாடம். டேப் பிடித்து அளப்பவர்களைத் திணற வைப்பது இந்த வளைவுதான்.

அளப்பதற்கும் நம்ம பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பரங்கிமலை அருகே, 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியோடு சுமார் 12 கி.மீ. கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். (சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று சொன்ன சங்கிலியாம் அது!) இந்தியாவையே முக்கோணங்களாக அளந்த பெரும்பணிக்கு அதுதான் அடிக்கோடு. மலை இல்லாத சமவெளியில் உயரத்துக்கு எங்கே போவது? கோயில்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அவருக்குக் கோயில் ஒரு ஏணி, அவ்வளவுதான்.

இப்போது கோயிலையே அளக்கக் கருவி வந்துவிட்டது. லேசர் ஸ்கேனர் ஒளியை வீசி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒவ்வொரு பட்ட இடமும் ஒரு புள்ளி. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை 2010-ல் ஆண்ட்ரூ டாலன் இப்படி 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்து வைத்தார். 2018-ல் அவர் இறந்தார். 2019-ல் கூரை எரிந்தது. சீரமைத்து 2024-ல் மீண்டும் திறப்பதற்கு அந்தப் புள்ளிகளும் கைகொடுத்தன.

ஆனால் புள்ளிக்குத் தான் கருங்கல்லா சிமெண்டா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு பாகத்தோடும் அதன் கல், சாந்து, கல்வெட்டு, பழுது பார்த்த வருடம் எல்லாவற்றையும் கோத்து வைக்கும் கணினி மாதிரிகள் வந்தன. 2009-ல் டப்ளினில் மாரிஸ் மர்ஃபி குழுவினர் இதற்கு ஹெச்-பிம் என்று பெயர் வைத்தார்கள்.

நம்ம கோயில்களுக்குத் தீயைவிடத் திருப்பணிதான் பயம் என்பேன். மணல் வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்துத் தேய்ந்த கல்வெட்டுகள் உண்டு. சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் வந்துவிடும். முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு வரைபடம்கூட இருக்காது. திருமுல்லைவாயிலில் கருவறை முன் நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களை நினைத்துப் பாருங்கள். மரம். விரிசல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்ல, பழைய அளவு ஒன்று கையில் இருக்க வேண்டுமே?

அளப்பதென்றால் குடமுழுக்குக்குச் சாரம் கட்டும் முன்பே அளக்க வேண்டும். கட்டிவிட்டால் லேசர் கம்பத்தைத்தான் அளக்கும்.