யோங்சான் ஆற்றுப் படுகையின் ஈமத்தாழிகள்

யோங்சான் ஆற்றுப் படுகையின் ஈமத்தாழிகள் என்பவை தென்மேற்குக் கொரியாவில் பொ.ஊ. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை இறந்தோரை அடக்கம் செய்யப் பயன்பட்ட பெரிய சுடுமண் கலங்கள் ஆகும். கொரிய மொழியில் இவை ஓங்க்வான் எனப்படும். நாஜு, யோங்காம் பகுதிகளில் இவை மிகுதியாகக் கிடைத்துள்ளன.

கொரியாவின் பிற பகுதிகளிலும் தாழி அடக்கம் இருந்தது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் குழந்தைகளுக்கே உரியது. வீட்டில் புழங்கிய பானையே அதற்குப் போதும். யோங்சான் கரையிலோ பெரியவர்களையும், ஊர்த்தலைவர்களையும்கூடத் தாழியிலேயே வைத்தனர். அதற்கென்றே தனிக் கலம் வனைந்தனர். பெரிய தாழி ஒன்றையும் சற்றுச் சிறிய தாழி ஒன்றையும் படுக்கைவாட்டில் வாயோடு வாய் பொருத்தி, இடைவெளியைக் களிமண்ணால் பூசி அடைத்தனர். பெரிய தாழி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். இவ்வளவு பெரிய கலத்தைச் சக்கரத்தில் ஒரே தடவையில் வனைய இயலாது. களிமண் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தட்டி உயர்த்த வேண்டும். உலரும்போதே விரிசல் விடக்கூடும். கைதேர்ந்த குயவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. நாஜுவின் ஓர்யாங்-டோங்கில் இத்தாழிகளைச் சுட்ட சூளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

ஒரு மண்மேடு ஒருவருக்கானது அன்று. மேட்டை உயர்த்தியும் அகலப்படுத்தியும் பின்வந்தோரை அதிலேயே புதைத்தனர். சின்சோன்-ரி 9ஆம் மேட்டில் பத்துக்கும் மேற்பட்ட தாழிகள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. 1917-18இல், சப்பானிய ஆட்சியின்போது, அவற்றுள் ஒன்றிலிருந்து பொன்முலாம் பூசிய வெண்கல மணிமுடியும் காலணிகளும் வாள்களும் எடுக்கப்பட்டன.

இம்மக்கள் தம்மைப் பற்றி எழுதிவைத்த வரலாறு எதுவும் இல்லை. நிஹோன் ஷோகியில் 369ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கொள்ளப்படும் ஒரு குறிப்பை வைத்து, பேக்சே அரசு அப்போதே இப்பகுதியை விழுங்கிவிட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. தாழிகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. அந்த ஆண்டுக்குப் பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவை தொடர்ந்தன, பெரிதாகவும் ஆயின. மணிமுடி பேக்சே மன்னர் அளித்ததா, உள்ளூரில் செய்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அளித்ததாகவே இருந்தாலும், அதைப் பெற்றவர் பேக்சே முறையில் புதைக்கப்படவில்லை என்பதே முக்கியம்.

மாற்றம் மெல்லவே வந்தது. 1996இல் போகாம்-ரி 3ஆம் மேட்டில் திறக்கப்பட்ட கல்லறை ஒன்று சப்பானின் கியூஷு பாணியை நினைவூட்டும் கல் அறை. உள்ளே நான்கு தாழிகள். அதே மேட்டில் பின்னர் எழுந்த கல்லறைகளில் தாழி இல்லை. பேக்சே அதிகாரிகள் தலையில் அணிந்த வெள்ளிப் பூ அணி கிடைத்தது.