சபுர் பெட்டியில் கத்தியும் கருவிகளும்: கவனிக்க வேண்டியவை

கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை என திருவாரூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து சபுர் செல்வோர் பலர் திருச்சி விமான நிலையம் வழியாகவே புறப்படுகிறார்கள். அரிவாள்மனை, கத்தி, ஸ்குரூ டிரைவர், சவரக்கத்தி என வீட்டுக்கும் தொழிலுக்கும் தேவையானவை பெட்டியில் இருக்கும்.

இவற்றைக் கைப்பையில் வைக்கக் கூடாது. கூர்முனைக்கு உறையிட்டு, லக்கேஜில் போடும் பெட்டியில் வையுங்கள். டிரில் மெஷினின் உதிரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும்.

விமானத்தில் ஏற்றிவிட்டாலே எல்லாம் முடிந்துவிடாது. இறங்கும் நாட்டுச் சட்டமும் உண்டு. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம். வீடு, விவசாயம், தொழில் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் கத்தியின் அளவைவிட காரணமே முக்கியம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. சமையல் கத்தியை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவரே பதில் சொல்ல வேண்டும்.