அடுப்படியில் காத்த பாஸ்கா

கோவிலில் நடப்பது வழிபாடு, வீட்டில் நடப்பது வெறும் சமையல் என்று நம்மில் பலர் பிரித்துப் பார்க்கிறோம். மீட்பின் வரலாறோ இப்பிரிவினையை ஏற்பதில்லை.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தை எண்ணிப் பார்ப்போம். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவில் இஸ்ரயேலருக்குக் கோவிலும் இல்லை, குருத்துவ அமைப்பும் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி, புளிப்பற்ற அப்பம், கசப்புக் கீரை. கட்டளையிடப்பட்ட உணவு இவ்வளவே. வீட்டில் ஆள் குறைவாயின் அண்டை வீட்டாரோடு சேர்ந்து உண்ண வேண்டும். பொருள் கேட்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் விடை கூற வேண்டும்.

பிற்காலத்தில் பாஸ்கா ஆடு எருசலேம் கோவிலில் பலியிடப்படலாயிற்று. கி.பி. 70இல் உரோமைப் படை அக்கோவிலைத் தகர்த்தது. பலிபீடம் போயிற்று, பாஸ்கா போகவில்லை. அது மீண்டும் வீட்டுப் பந்திக்கே திரும்பிற்று. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூத மரபுநூல், அவ்விரவில் மகன் தந்தையிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துத் தருகிறது. பரம ஏழைக்கும் நான்கு கிண்ணம் திராட்சை இரசம் குறையலாகாது என்கிறது. நாடின்றிச் சிதறிய மக்களை ஒன்றாய்க் கட்டிவைத்தவற்றுள் இந்த எளிய உணவும் ஒன்று.

நம் ஆண்டவரும் நற்கருணையை ஒரு வீட்டின் மேலறையில், பந்தியமர்ந்தே ஏற்படுத்தினார். தொடக்கத் திருச்சபை வீடுகள்தோறும் அப்பம் பிட்டது.

இம்மரபின் அழகிய கிளையொன்று நமக்கு அண்மையிலேயே தழைத்திருக்கிறது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் பெரிய வியாழன் இரவில் தம் வீடுகளில் பெசகா அப்பம் உண்கின்றனர். பாஸ்காவைக் குறிக்கும் சிரிய மொழிச் சொல்லின் வழிவந்ததே பெசகா. செய்முறை எளிது. வறுத்த அரிசி மாவோடு அரைத்த உளுந்தும் தேங்காயும், சிறிது சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு ஆகியனவும் சேர்த்துக் கரைப்பர். மற்ற நாளின் ஆப்ப மாவைப் போலப் புளிக்க விடுவதில்லை. தட்டில் ஊற்றி, குருத்து ஞாயிறன்று பெற்ற ஓலையால் சிலுவையிட்டு, ஆவியில் வேகவைப்பர். தேங்காய்ப் பாலில் வெல்லம் கரைத்து, ஏலமும் சுக்கும் இட்டுக் காய்ச்சுவர். செபத்திற்குப்பின் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பகிர, மூத்தோர் முதல் இளையோர்வரை வரிசையாகப் பெறுவர்.

அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் தங்கள் அப்பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து தருவர். அன்று விதிக்கப்பட்ட அண்டைப் பகிர்வு இங்கே துயர்வீட்டின் வாசலுக்கு வருகிறது. இம்மரபின் உயிர்நாடி இதுவே என நாம் கருதுகிறோம். மாவு எல்லார் வீட்டிலும் உண்டு. துக்க வீட்டை மறவாத நெஞ்சமே சமையலை மரபாக்குகிறது.

குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. நம் இல்லங்களிலோ திருநாள் பலகாரம் கடையிலிருந்து வருகிறது. பாட்டியின் கைப்பக்குவம் அவரோடு கல்லறைக்குச் செல்கிறது. அவர் அடுப்படியில் சொல்லிவந்த கதையும் உடன் செல்கிறது. கதை கேளாமல் வளரும் பிள்ளைக்கு விசுவாசம் பாடப்புத்தகமாகவே நின்றுவிடும் அன்றோ?

கேரளத்தாரின் அப்பத்தையே நாமும் செய்ய வேண்டுவதில்லை. பெரிய வெள்ளியின் கஞ்சியும் துவையலும் போதும். குருத்தோலைச் சிலுவை நம் வீடுகளிலும் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள், ஓர் எளிய உணவு, ஒரு செபம், பிள்ளை கேட்டால் சொல்ல ஒரு விடை, துயர்வீட்டுக்கு ஒரு பங்கு. இவை கூடினால் மரபு பிறந்துவிடும். இவ்வாண்டு நம் தெருவில் சாவு நேர்ந்த வீடு எது என எண்ணிப் பார்த்து, அவ்வீட்டிலிருந்தே தொடங்குவோம்.