அந்தமானியரும் பளியரும்: ஏடு வளர்த்த இழிவு

ஆங்கில வீரச்செயற் கதைகளில் ஐரோப்பியரல்லாத மக்கள் இழிவாகத் தீட்டப்பெற்றமை பலரும் அறிந்ததே. அவ்விழிவு கதையாசிரியர்தம் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. ஆராய்ச்சி ஏடு என்னும் போர்வையும் அதற்கு வாய்த்திருந்தது. ஈண்டு யாம் கருதப்புகுவது அப்போர்வையையே.

கானன் டாயில் 1890இல் வெளியிட்ட ‘நால்வர் குறி’ என்னும் கதையில் தோங்கா என்னும் அந்தமானியன் வருகின்றான். அவன் கண்ணுக்குப் புலனாகுமுன், ஹோம்ஸ் தம் அலமாரியினின்றும் புவியியல் அகராதியொன்றை எடுத்துப் படிக்கின்றார். அந்தமானியர் நான்கடிக்கும் குறைந்த உயரத்தர், மனிதவூன் தின்பவர் என்கின்றது அவ்வகராதி. இனி, அத்தீவுகளில் அலுவலராயிருந்த எட்வர்டு ஹொரேஸ் மான், கதை வெளிவருமுன்னரே அம்மக்களை நேரிற் கண்டு எழுதிய நூல் உண்டு. ஆடவர் உயரம் ஏறத்தாழ 4 அடி 10 அங்குலம் என்றும், ஊன் தின்னும் பழி பொய்யென்றும் அவர் தெளிவுபடுத்தினார். தோங்கா ஊதும் நச்சுக்குழலும் அவர்தம் படைக்கலமன்று, அவர்க்குரியது வில்லே. உண்மை அச்சேறிய பின்னும் கதை பழைய பொய்யையே நாடிற்று. 1858இல் ஆங்கிலேயர் ஆங்குச் சிறைக்குடியேற்றம் அமைத்தனர். 1877இல் தட்டம்மை பரவிற்று. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். யார் யாரை அழித்தனர் என்பதற்கு இக்கணக்கே சான்று.

இஃது எங்கோ கடல் கடந்த செய்தியென்று கொள்ளற்க. வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே நோக்கின் மலைத்தொடர் தோன்றும். அத்தொடரின் அடிவாரத்தும் சரிவுகளிலும், திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்பு வரையிலும், பளியர் வாழ்கின்றனர். தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றிய பகுதி உண்டு. மூக்கின் அகலத்தை அளந்து மக்களை வரிசைப்படுத்த முயன்றவர் அவர். மதுரை மாவட்டப் பளியரைக் கண்ட பாதிரியார் ஒருவர், மனிதருள் இத்துணை நம்பிக்கையற்றவரைக் கண்டதில்லை எனும் கருத்துப்பட எழுதிய குறிப்பையும் அவர் எடுத்தாள்கின்றார். அகராதி ஹோம்ஸுக்குச் செய்த பணியை இக்குறிப்பு நம் ஆய்வாளர்க்குச் செய்யக்கூடும். அதுவே எம் அச்சம். 1960களில் பளியரிடை வாழ்ந்து ஆராய்ந்த பீட்டர் கார்ட்னரோ, பூசல் எழுமிடத்து விலகிச் செல்லுதலையும், ஒருவர் மற்றொருவரை அடக்கியாளாமையையும் அவர்தம் வாழ்வின் அடிப்படை அறமாகக் கண்டார். ஒருவர் அவலம் என்று கண்டதை மற்றொருவர் ஒழுக்கம் என்று கண்டார்!

நம் இலக்கியம் இவ்வகையில் மாசற்றது என்று யாம் கூறத் துணியோம். சேக்கிழார் உடுப்பூர் வேடரை அறிமுகப்படுத்துமிடத்துக் கொடுமையே மிகுத்துக் காட்டுகின்றார். ஆயின் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். ஆகமம் அறிந்த சிவகோசரியாரை மறைந்து நிற்கச் செய்து, திண்ணனார் செயலைக் காணவைக்கின்றார்; கற்றவர் தாம் கொண்ட எண்ணத்தை அவ்விடத்தே மாற்றிக்கொள்ள நேர்கின்றது. டாயில் கதையில் தோங்காவை மறைந்திருந்து கண்டு மனம் மாறுவார் எவருமிலர். சந்தைகளில் பச்சை ஊன் தின்று ஆடிக் காட்டிய அவன், ஈற்றில் சுடப்பட்டுத் தேம்சு ஆற்றில் வீழ்கின்றான்.